சிங்கப்பூரில் வேலையில் அடிபட்டால்: முதல் நாள் முதல் பணம் கைக்கு வரும் வரை

இடது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரும்புப் பலகைக்கும் முட்டுக்கும் நடுவே மாட்டியபோது, நான் சிங்கப்பூர் வந்து 11 மாதம் ஆகியிருந்தது. ஏஜென்ட் கடன் பாதிகூட அடையவில்லை. அன்று இரவு டார்மில் (தொழிலாளர் தங்கும் விடுதியில்) படுத்துக்கொண்டு நான் யோசித்தது விரலைப் பற்றி அல்ல, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்பதைப் பற்றித்தான். அந்தப் பயத்தில் முதல் மூன்று வாரம் நான் செய்த தப்புகள் எல்லாம் பிறகு ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து நின்றன.

ஒரு வருஷத்துக்கும் மேல் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் தம்பிகள் அடிபடாவிட்டாலும் ஒருமுறை படித்து வையுங்கள். கையில் கட்டுப் போட்ட பிறகு போனைத் தள்ளிப் படிப்பது லேசான வேலை இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒரே ஒரு விஷயம். இங்கே இருப்பது வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம். நம் ஆட்கள் "விக்கா" என்பார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2019-ல் இயற்றி 2020 செப்டம்பர் 1 முதல் அமலான சட்டம். இது யார் தப்பு என்று பார்க்காது. நீங்கள் கவனக்குறைவாக இருந்திருந்தாலும் வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டிருந்தால் இழப்பீடு உண்டு. குடித்திருந்தாலோ, டாக்டர் எழுதித் தராத போதை மருந்து எடுத்திருந்தாலோ, நீங்களே சண்டை போட்டு அடிபட்டிருந்தாலோ கிடைக்காது. கம்பெனி ஏற்பாடு செய்த லாரியில் போகும்போது நடந்த விபத்தும் சேரும். நீங்களாக பஸ்ஸிலோ சைக்கிளிலோ வேலைக்குப் போகும்போது நடந்தது சேராது. உடல் உழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும், சம்பளம் எவ்வளவாக இருந்தாலும், முதலாளி காப்புறுதி எடுத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். அதனால் உங்களுக்கு வரும் பணம் பெரும்பாலும் முதலாளியின் சட்டைப்பையிலிருந்து போவதில்லை. எனக்கு இது தெரிய இரண்டு மாதம் ஆனது. தெரிந்த அன்றுதான் நிமிர்ந்து பேசவே ஆரம்பித்தேன்.

1. அடிபட்ட இடத்தில், அந்த ஒரு மணி நேரத்தில்

பெரிய அடி என்றால் 995-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். "கம்பெனி வண்டி வரட்டும்" என்று காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்சில் போனால் நேரமும் இடமும் பதிவாகிவிடும், அது பின்னால் உதவும்.

சின்ன அடி என்றாலும் சூப்பர்வைசரிடம் உடனே சொல்லுங்கள். வாயால் சொன்னால் போதாது. வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள்: "இன்று காலை 10:40, நான்காவது மாடி, பலகை இறக்கும்போது இடது கை இரண்டு விரல் நசுங்கிவிட்டது." இவ்வளவு போதும். குரல் பதிவைவிட எழுத்து நல்லது.

கூட வேலை செய்தவர்களில் இரண்டு பேர் பெயரும் போன் நம்பரும் வாங்கி வையுங்கள். சிங்கப்பூர் நம்பர் மட்டும் வாங்கினால் பிரச்சினை. ஆறு மாதத்தில் அவர் வேறு கம்பெனிக்கோ ஊருக்கோ போயிருப்பார், நம்பரும் மாறியிருக்கும். அவருடைய ஊர் நம்பரையும் சேர்த்து வாங்குங்கள். யாரையாவது விட்டு அந்த இடத்தை, அந்த மெஷினை, உங்கள் கையை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எனக்கு அதைச் செய்தது கடலூர்க்காரர் ஒருவர், நான் கேட்காமலே எடுத்து வைத்திருந்தார். கடைசியில் என் கேஸைக் காப்பாற்றியது அந்த ஒரு படம்தான். எப்படி என்று கீழே சொல்கிறேன்.

2. டாக்டரிடம் நீங்களே பேசுங்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். நான் கோட்டைவிட்ட இடம் இதுதான்.

என்னை முதலில் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். சூப்பர்வைசர் கூடவே உள்ளே வந்தார். டாக்டர் ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார், டாக்டர் எழுதினார். எனக்கு வலியில் எதுவும் காதில் ஏறவில்லை. நான்கு மாதம் கழித்து அந்தக் கிளினிக் பதிவின் நகலை வாங்கிப் பார்த்தபோது, விரல் கதவில் மாட்டியது என்று எழுதியிருந்தது. எந்தக் கதவு? சைட்டில் அந்த மாடியில் அப்போது கதவே மாட்டவில்லை!

டாக்டர் முதல் நாள் எழுதுவதைத்தான் காப்புறுதிக் கம்பெனி முதலில் எடுத்துப் பார்க்கும். ஆகவே உங்கள் வாயால் சொல்லுங்கள். இங்கிலீஷ் வராவிட்டால் இந்த மூன்றை மட்டும் சொன்னால் போதும்: "ஆக்சிடென்ட். வொர்க் டைம். கம்பெனி சைட்." கையால் காட்டுங்கள். பெரிய மருத்துவமனைகளில் தமிழ் தெரிந்த நர்சு யாராவது இருப்பார், கூப்பிடச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். அடிபட்ட எல்லா இடத்தையும் சொல்லுங்கள். விரலில் ரத்தம் வருகிறது என்று விரலை மட்டும் காட்டிவிட்டு, விழுந்ததில் முதுகும் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் வந்தால், இரண்டு மாதம் கழித்து முதுகு வலி வேலையால் வந்தது என்று நிரூபிப்பது பெரும் பாடு.

கம்பெனி சொல்லும் கிளினிக்கில் மருந்து சரியில்லை என்று தோன்றினால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நீங்களே போகலாம். முதலில் கைக்காசு போட வேண்டி வரலாம். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், வேலைக் காயத்துக்கான மருத்துவச் செலவை முதலாளிதான் ஏற்க வேண்டும்.

ஆபரேஷன் என்றால் "எல்.ஓ.ஜி" என்று ஒரு கடிதத்தைப் பற்றிப் பேசுவார்கள். "இந்தச் செலவுக்கு நாங்கள் பொறுப்பு" என்று கம்பெனி மருத்துவமனைக்குக் கொடுக்கும் கடிதம் அது. கம்பெனி இழுத்தடித்தால் ஆபரேஷன் தேதி தள்ளிப்போகும். அப்போது வார்டிலேயே மருத்துவச் சமூகப் பணியாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அவர் ஒரு போன் போட்டால் நகர்கிற வேகமே வேறு.

3. எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) லைட் டியூட்டியும் (இலேசான வேலை மட்டும்)

"எம்.சி. வேண்டாம், லைட் டியூட்டி போடச் சொல், ரூமில் படுத்திரு, சம்பளம் வந்துவிடும்." இதை என்னிடம் சொன்னபோது நல்ல மனுஷன் என்றுதான் நினைத்தேன்.

விஷயம் இதுதான். விபத்தால் ஒரு நாள் எம்.சி. கொடுத்தாலும், ஏன் லைட் டியூட்டி கொடுத்தாலும்கூட, முதலாளி மனிதவள அமைச்சுக்கு, அதாவது எம்.ஓ.எம்.முக்கு ரிப்போர்ட் செய்தாக வேண்டும். முன்பு மூன்று நாளுக்கு மேல் எம்.சி. இருந்தால்தான் ரிப்போர்ட் என்று இருந்தது. அந்தப் பழைய கணக்கை இன்னும் சொல்லிக்கொண்டு திரிபவர்கள் இருக்கிறார்கள், நம்பாதீர்கள். லைட் டியூட்டி நாட்களுக்கும் இழப்பீடு கணக்கு உண்டு.

எம்.சி. தருவது டாக்டரின் முடிவு. சூப்பர்வைசர் வாசலில் நின்றுகொண்டு "ரெண்டு நாள் போதும்" என்று சொன்னாலும், உங்களால் கையை மடக்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். லைட் டியூட்டி என்று சீட்டு வந்து, சைட்டில் கம்பி தூக்கச் சொன்னால், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். முடிந்தால் வாட்ஸப்பில் "எனக்கு லைட் டியூட்டி, இதைத் தூக்க முடியாது" என்று மரியாதையாக அனுப்புங்கள். எம்.சி. சீட்டை கம்பெனியிடம் கொடுக்கும் முன் போட்டோ எடுங்கள். ஒவ்வொன்றையும். என்னுடைய முதல் இரண்டு சீட்டுகள் ஆபீசில் "காணாமல்" போனவை.

4. ரிப்போர்ட் ஆனதா என்று உறுதி செய்யுங்கள்

விபத்து தெரிந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் முதலாளி ரிப்போர்ட் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால் அபராதம் உண்டு. ஆனால் "ரிப்போர்ட் பண்ணியாச்சு" என்று சொல்வதும் பண்ணியிருப்பதும் ஒன்றல்ல. ரெபரன்ஸ் நம்பர் கேளுங்கள். நம்பர் தரவில்லை என்றால் பண்ணவில்லை என்றே வைத்துக்கொண்டு அடுத்த காரியத்தைப் பாருங்கள்.

அடுத்த காரியம், நீங்களே கிளெய்ம் போடுவது. இதற்கு முதலாளியின் அனுமதி தேவையில்லை, கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். எம்.ஓ.எம். இணையதளத்தில் போடலாம். தெரியாவிட்டால் வெளிநாட்டு ஊழியர் நிலையத்துக்கோ, டி.டபிள்யூ.சி.2, ஹோம், ஹெல்த்சர்வ் போன்ற உதவி அமைப்புகளுக்கோ போங்கள். உட்காரவைத்து எப்படிப் போடுவது என்று காட்டுவார்கள். எம்.ஓ.எம். சேவை நிலையம் பெண்டமியர் ரோடு 1500-ல் இருக்கிறது. போகும் முன் அப்பாயின்ட்மென்ட் எடுத்துக்கொள்ளுங்கள், நான் எடுக்காமல் போய் ஒரு நாள் வீணானது.

கெடு: விபத்து நடந்த நாளிலிருந்து 1 வருஷம். இது நீளமாகத் தெரியும். "முதலில் குணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று முதலாளி அன்பாகச் சொல்லும்போது இந்த ஒரு வருஷத்தை ஞாபகம் வையுங்கள்.

5. ஒரு கோப்பு போடுங்கள்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்கள். அதோடு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். போன் தொலையும், பழுதாகும். டார்ம் மாறும்போது பை தொலையும். ஊரில் அக்கா போனில் இருப்பது தொலையாது.

அதில் இருக்க வேண்டியவை:

வொர்க் பெர்மிட்டின் இரண்டு பக்கமும், பாஸ்போர்ட்டும். வேலைக்கு எடுத்தபோது அமைச்சு அனுப்பிய ஐ.பி.ஏ. கடிதம், அதில் உங்கள் அடிப்படைச் சம்பளமும் படிகளும் இருக்கும். கடைசி 12 மாத சம்பளச் சீட்டும், வங்கிக் கணக்கு விவரமும். டைம் கார்டு போட்டோக்கள். எல்லா எம்.சி., லைட் டியூட்டி சீட்டுகள், மருத்துவமனை அப்பாயின்ட்மென்ட் அட்டை, டிஸ்சார்ஜ் காகிதம், ரசீதுகள். விபத்து இடத்துப் படங்கள், வாட்ஸப் செய்திகள். சாட்சிகளின் நம்பர்.

டைம் கார்டு பற்றி மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அடிபடும் முன்பே மாதம் ஒருமுறை அதைப் போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம் இருக்கட்டும். காரணம் அடுத்த பகுதியில்.

கையெழுத்து பற்றியும். படிக்கத் தெரியாத எதிலும் போடாதீர்கள். வெற்றுத் தாளில் போடவே போடாதீர்கள். "ஸ்டேட்மென்ட்" என்று நீட்டினால், போட்டோ எடுத்துக்கொள்கிறேன், நாளைக்குப் போட்டுத் தருகிறேன் என்று சொல்லுங்கள். போட்டோ எடுக்க விடவில்லை என்றால், அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

6. எம்.சி. நாட்களுக்கு எவ்வளவு வர வேண்டும்

வெளிநோயாளியாக முதல் 14 நாள், மருத்துவமனையில் தங்கியதும் அதைத் தொடர்ந்த ஓய்வுமாகச் சேர்த்து 60 நாள் வரை, முழுச் சம்பளம். அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு. விபத்து நாளிலிருந்து 1 வருஷம் வரை இது போகும். வழக்கமான சம்பளத் தேதியிலேயே வர வேண்டும், "கேஸ் முடிந்ததும் மொத்தமாக" என்று சொல்வது சரியில்லை.

இங்கேதான் நம் ஆட்கள் ஏமாறுகிறார்கள். "முழுச் சம்பளம்" என்றால் அடிப்படைச் சம்பளம் இல்லை. கடைசி 12 மாதம் ஓவர்டைம் உட்பட நீங்கள் வாங்கியதன் சராசரி. 12 மாதம் ஆகவில்லை என்றால், வேலை செய்த மாதங்களின் சராசரி. போக்குவரத்துப் படி இதில் சேராது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஓவர்டைமோடு சராசரி 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சம்பளக் காலத்தில் மாதம் 1,200. மூன்றில் இரண்டாகக் குறைந்த பிறகும் 800. அதாவது, குறைந்த பிறகு வருவதுகூட அவருடைய அடிப்படைச் சம்பளத்தைவிட 100 வெள்ளி அதிகம். எனக்கு மூன்று மாதம் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போட்டுக்கொண்டு "முழுச் சம்பளம் தருகிறோம்" என்றார்கள், நானும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். டைம் கார்டு படங்களும் வங்கிக் கணக்கும் இருந்ததால் விட்டதைப் பிறகு கேட்டு வாங்க முடிந்தது. கடைசியில் வரும் பெரிய தொகைக்கும் இதே சராசரிதான் அடிப்படை. இங்கே குறைந்தால் அங்கேயும் குறையும்.

மருத்துவச் செலவுக்கும் வரம்பு இருக்கிறது. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி அல்லது 1 வருஷம், எது முதலில் வருகிறதோ அதுவரை. அதற்கு முந்தைய விபத்துகளுக்கு 45,000 வெள்ளி.

7. "எத்தனை பாயின்ட்?"

லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஞாயிற்றுக்கிழமை நின்றால் காதில் விழும் கேள்வி இது. நிரந்தரமாக எவ்வளவு செயலிழப்பு என்று டாக்டர் போடும் சதவீதத்தைத்தான் பாயின்ட் என்கிறோம். காயம் ஆறி, இனி பெரிதாக மாறாது என்ற நிலை வந்ததும் மருத்துவமனையில் மதிப்பிடுவார்கள். இழுத்துக்கொண்டே போனால், விபத்து நடந்து 6 மாதம் ஆன பிறகு அப்போதைய நிலையை வைத்தே மதிப்பிடவும் இப்போதைய சட்டத்தில் வழி இருக்கிறது.

தொகை எப்படி வருகிறது? மாதச் சராசரிச் சம்பளம், பெருக்கல் வயதுக்கான ஓர் எண், பெருக்கல் பாயின்ட். வயது குறைந்தவருக்கு அந்த எண் அதிகம். இதற்குக் கீழ்வரம்பும் மேல்வரம்பும் உண்டு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 100 பாயின்டுக்குக் குறைந்தது 1,16,000 வெள்ளி, அதிகபட்சம் 3,46,000 வெள்ளி. அதற்கு முன் நடந்தவற்றுக்கு 97,000, 2,89,000. பாயின்ட் குறைந்தால் இந்த வரம்புகளும் அதே விகிதத்தில் குறையும். 5 பாயின்ட் என்றால் புதிய வரம்பில் 5,800-க்கும் 17,300-க்கும் இடையில். 10 பாயின்ட் என்றால் 11,600-க்கும் 34,600-க்கும் இடையில். ஆகவே "உனக்கு 10 பாயின்ட், மூவாயிரம் வெள்ளிதான் வரும்" என்று யாராவது சொன்னால், அந்த ஆளிடம் மேலே பேச வேண்டியதே இல்லை.

மதிப்பீட்டு நாளில் வீரம் காட்டாதீர்கள். நம்மில் பலருக்கு "பரவாயில்லை டாக்டர்" என்பது பழகிப்போன வார்த்தை. டாக்டர் மடக்கச் சொன்னால் முடிந்த அளவு மடக்குங்கள், முடியாத இடத்தில் முடியவில்லை என்று சொல்லுங்கள். சட்டைப் பித்தான் போட முடியவில்லை, தண்ணீர்ப் பாட்டில் திறக்க முடியவில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று இழுக்கிறது, இப்படி நடப்பதைச் சொல்லுங்கள். நடிக்கவும் வேண்டாம், எத்தனையோ பேரைப் பார்த்த டாக்டர்கள் அவர்கள், ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அழைத்த மருத்துவப் பரிசோதனைக்குப் போகாமல் இருந்தால் கிளெய்ம் அப்படியே நின்றுவிடும்.

"எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், பாயின்ட் ஏற்றித் தருவார், வருவதில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்புங்கள். பாயின்டை யாரும் ஏற்றித் தர முடியாது.

8. கடிதம் வந்த பிறகு

மதிப்பீடு முடிந்ததும் தொகையைக் கணக்கிட்டு ஒரு நோட்டீஸ் வரும். பெரும்பாலான கேஸ்களை முதலாளியின் காப்புறுதிக் கம்பெனியே கையாள்கிறது, தகராறு வந்தால் எம்.ஓ.எம். பார்க்கும். நோட்டீஸ் கையில் வந்ததும் மூன்று இடத்தைப் பாருங்கள்: விபத்துத் தேதி, மாதச் சராசரிச் சம்பளம், பாயின்ட். ஆட்சேபிப்பதற்கான கெடு அதிலேயே இருக்கும். அது மாதக்கணக்கில் போகாது, ஆகவே அன்றே யாரிடமாவது காட்டுங்கள்.

நீங்கள் மட்டும் அல்ல, முதலாளியும் காப்புறுதிக் கம்பெனியும்கூட ஆட்சேபிக்கலாம். என் கேஸில் அதுதான் நடந்தது. "கதவில் மாட்டியது" என்ற அந்தக் கிளினிக் பதிவைக் காட்டி, இது வேலையில் நடந்த விபத்தே இல்லை என்றார்கள். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். நான் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். 10:52 என்ற நேரத்தோடு, பலகை, முட்டு, கீழே என் கையுறை, ஓரத்தில் என் மஞ்சள் ஹெல்மெட். அதிகாரி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "கதவு எங்கே?" என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் முடிய ஐந்து மாதம் ஆனது, ஆனால் அந்த வாதம் அன்றோடு போயிற்று.

பாயின்ட் சரியில்லை என்று ஆட்சேபித்தால் டாக்டர்கள் அடங்கிய மருத்துவக் குழுமுன் போக வேண்டி வரும். அவர்கள் சொல்வது இறுதி. ஏறவும் செய்யலாம், இறங்கவும் செய்யலாம். டார்மில் பக்கத்துக் கட்டில்காரருக்கு அதிகம் வந்தது என்பதற்காக ஆட்சேபிக்க வேண்டாம். உங்கள் மருத்துவ அறிக்கையில் விட்டுப்போன காயம் இருந்தால் ஆட்சேபியுங்கள்.

நடுவில் "இரண்டாயிரம் வெள்ளி இப்போதே தருகிறேன், கேஸை விட்டுவிட்டு ஊருக்குப் போ" என்று பேச்சு வரும். டிக்கெட்டும் போட்டுத் தருவார்கள். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிக்கொடுத்தாலும் சட்டத்தில் அது செல்லாது. ஆனால் ஊருக்குப் போய்விட்ட பிறகு அதை யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

9. பெர்மிட் ரத்தானால்

ரத்து செய்தாலும் கிளெய்ம் சாகாது. இது எல்லோருக்கும் தெரிய வேண்டும். கேஸ் நடக்கும்வரை தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும். அதில் வேலை செய்யக் கூடாது. "சும்மா ரெண்டு நாள் கடையில் நில்லு" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், மாட்டினால் உங்களுக்குத்தான் வம்பு. பாஸின் தேதியைப் பார்த்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் தங்குமிடமும் சாப்பாடும் மருத்துவமும் முதலாளி பொறுப்பு. கொடுக்கவில்லை என்றால் எம்.ஓ.எம்.மிடம் சொல்லுங்கள். இடையில் பசிக்கு, லிட்டில் இந்தியாவில் டி.டபிள்யூ.சி.2 அடிபட்ட தொழிலாளிகளுக்குச் சாப்பாடு கொடுத்துவருகிறது. நான் அங்கே சாப்பிட்டிருக்கிறேன். முதல் நாள் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் எனக்கு ஓவர்டைம் சராசரி விஷயத்தைச் சொன்னவர்.

வலுக்கட்டாயமாக விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனால், குடிநுழைவுச் சோதனைக் கவுன்டரில் இருக்கும் அதிகாரியிடம் "எனக்குக் காயக் கேஸ் இருக்கிறது, போக விருப்பமில்லை" என்று சொல்லுங்கள். அந்த இடத்தைத் தாண்டிவிட்டால் கஷ்டம். வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 24 மணி நேர எண் 6536 2692, இதைப் போனில் மட்டும் அல்ல, மணிபர்சிலும் எழுதி வையுங்கள்.

வீட்டில் சாவோ கல்யாணமோ வந்து ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், போவதால் மட்டும் கிளெய்ம் போய்விடாது. ஆனால் பாயின்ட் போடும் முன் போனால், திரும்பி வருவதற்கு அலைய வேண்டியது நீங்கள்தான். முடிந்தவரை மதிப்பீடு முடித்துவிட்டுப் போங்கள்.

10. கோர்ட்டுக்குப் போகலாமா

போகலாம், ஆனால் இரண்டில் ஒன்றுதான். விக்கா பணமும் வாங்கிக்கொண்டு அதே காயத்துக்கு முதலாளிமேல் வழக்கும் போட முடியாது. வழக்கில் தொகைக்கு வரம்பு இல்லை, ஆனால் தப்பு முதலாளியுடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும், வக்கீல் செலவு உண்டு, நாளும் அதிகம் ஆகும். தோற்றால் கையில் ஒன்றும் இருக்காது. கால், கை போன அளவுக்குப் பெரிய காயம், முதலாளியின் தப்பு பட்டவர்த்தனம் என்றால் யோசிக்கலாம். விரல், முட்டி, முதுகு போன்றவற்றுக்கு விக்காவே போதும் என்பது என் அபிப்பிராயம். எது என்றாலும், விக்கா கிளெய்மை வாபஸ் வாங்கும் காகிதத்தில் வக்கீல் கையெழுத்துக் கேட்டால், உதவி அமைப்பில் ஒருவரிடம் காட்டாமல் போடாதீர்கள். ஒருவர் அப்படி வாபஸ் வாங்கிவிட்டு, வழக்கும் நிற்காமல் திண்டாடியதைப் பார்த்தேன்.

சம்பள பாக்கி தனி விஷயம். அதற்குத் தனி இடம், தனிக் கெடு. காயக் கேஸில் அது தானாகச் சேர்ந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள்.

11. பணம் வரும் நாள்

வங்கிக் கணக்கை மூடாதீர்கள். பெர்மிட் ரத்தானதும் கணக்கை மூடிவிட்டு, பிறகு பணம் எதில் போடுவது என்று தெரியாமல் தவித்தவர்கள் இருக்கிறார்கள். ஏ.டி.எம். அட்டையையும் பின் நம்பரையும் "பத்திரமாக இருக்கட்டும்" என்று யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள். போன் நம்பர் மாறினால் வங்கியிலும் எம்.ஓ.எம்.மிலும் காப்புறுதிக் கம்பெனியிலும் சொல்லுங்கள்.

தொகை வந்ததும் நோட்டீசில் இருக்கும் எண்ணோடு வெள்ளி, காசு வரை ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பணம் கொடுத்தோம், சாப்பாட்டுக்குப் பிடித்தோம் என்று குறைந்திருந்தால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். கடிதங்களும் வங்கித் தாளும் அதே பிளாஸ்டிக் ஃபைலில் இருக்கட்டும். என்னுடையது இப்போது ஊரில் பீரோவில், அம்மாவின் ரேஷன் கார்டுக்குக் கீழே இருக்கிறது. அதற்குள் கடலூர்க்காரர் எடுத்த படத்தையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.